இரட்சணிய யாத்திரிகத்தில் மனச்சுமையும் அமைதியும்

முன்னுரை

தமிழில் தோன்றிய கிறித்தவக் காப்பியங்களுள் எச்.ஏ. கிருட்டிணப் பிள்ளை (1827–1900) இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் தனியிடம் பெற்றது. கம்பரின் நடைச்சாயல், ஆங்கில மூலத்தோடு கொண்ட உறவு ஆகிய நோக்குகளில் இந்நூல் பெரிதும் பேசப்பட்டுள்ளது. அச்சத்தால் அலைவுறும் உள்ளம் நம்பிக்கையின் வழியே அமைதி காணும் முறையை இந்நூல் எவ்வாறு தமிழாக்கிக்கொண்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மூலநூலின் அச்சம்

இக்காப்பியத்திற்கு மூலமான நூலை எழுதியவர் ஜான் பனியன். அரசின் இசைவின்றிச் சமய உரை நிகழ்த்தியதற்காக 1660இல் சிறைப்பட்டுப் பன்னிரண்டு ஆண்டுகள் அடைபட்டிருந்தவர் அவர். தமக்கு மன்னிப்பே இல்லையோ என்று பல்லாண்டுகள் தம்மை வாட்டிய அச்சத்தை 1666இல் வெளியிட்ட தன்வரலாற்றில் பதிவுசெய்துள்ளார். அவ்வனுபவமே 1678இல் வெளிவந்த பயண உருவகக் கதையின் அடித்தளம் எனலாம்.

அக்கதையின் தலைவன் முதுகில் பெருஞ்சுமையுடன் நின்று, தான் செய்வதறியாது அழுகிறான். அவன் சித்தம் கலங்கிவிட்டதாகக் கருதும் வீட்டார், உறங்கினால் தெளிந்துவிடும் என எண்ணிப் படுக்க வைக்கின்றனர். அவனோ இரவெல்லாம் கண்ணீரில் கழிக்கிறான். பிறர் நோயெனக் காணும் கலக்கம், அவனளவில் விழிப்பின் தொடக்கமாகிறது.

கவிஞரின் பின்புலம்

திருநெல்வேலிப் பகுதியிலுள்ள கரையிருப்பில், கம்பராமாயணப் பயிற்சி மிக்க வைணவக் குடும்பத்தில் பிறந்தவர் கிருட்டிணப் பிள்ளை. சாயர்புரத்துக் கிறித்தவக் கல்வி நிலையத்தில் தமிழாசிரியராகப் பணியாற்றியபின், 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். அக்காலத்தில் சமயமாற்றம் உறவு, உணவு, மணவுறவு அனைத்தையும் பாதிக்கும் முடிவாகும். ஆகவே, வீட்டாரைப் பிரிந்து செல்லும் பயணியின் கதை, தமிழ்க் கிறித்தவரின் வாழ்நிலைக்கு மிக நெருக்கமாக அமைந்தது. நற்போதகம் இதழில் பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வந்த இக்காப்பியம் 1894இல் நூலுருப் பெற்றது.

சுமை இறங்கும் இடம்

மூலநூலில் சிலுவையைக் கண்ட அளவில் பயணியின் சுமை தானே நழுவி விழுகிறது. அந்நிகழ்ச்சி சில வரிகளிலேயே முடிந்துவிடுகிறது. கிருட்டிணப் பிள்ளையோ குமார பருவத்தில், இரட்சணிய சரித படலம் என்னும் பகுதியில் இயேசுவின் பாடுகளையே விரிவாகப் பாடுகிறார். பகைவரின் இகழ்ச்சிக்கு எதிர்மொழி கூறாமல் நிற்கும் இயேசுவைப் பிணித்தது கயிறன்று, மானுடர்மீது அவர் கொண்ட அன்பே என்பது அங்கு வெளிப்படும் கருத்து.

இவ்விரிவு காப்பிய மரபுக்காக மட்டும் செய்யப்பட்டதன்று. சுமை இறங்குவதன் காரணத்தைப் படிப்போர் நெஞ்சில் பதிப்பதே அதன் பயன். தன் குற்றத்தையே எண்ணி நைந்த மனம், தனக்காகத் துன்புற்ற ஒருவரை எண்ணி உருகும் மனமாக மாறுகிறது. இறைவனின் அருஞ்செயல்களை நினைந்து கசிந்து, அவனையே புகலாக அடைதல் வைணவ பக்தி மரபில் வேரூன்றிய நெறி. கவிஞர் தாம் பிறந்த மரபின் இவ்வுணர்வு மொழியைத் தாம் ஏற்ற நம்பிக்கைக்கு உரியதாக்கினார். காப்பியத்தினிடையே தேவாரம் என்னும் பெயரில் அமைந்த இசைப்பாடல்களும் இதனை உறுதிப்படுத்துகின்றன.

அமைதிக்குப் பின் தொடரும் பயணம்

சுமை இறங்கியதும் கதை முடிவதில்லை என்பது கருதத்தக்கது. பனியனின் கதையில் பயணி பின்னரும் ஐயக் கோட்டையில் அடைபடுகிறான். வாக்குறுதி என்னும் திறவுகோல் தன் மார்பிலேயே இருப்பதை அவன் மறந்துவிட்டிருந்தான். இறுதி ஆற்றில் அவன் மூழ்க அஞ்சும்போது உடன்வருபவனே தாங்கிப் பிடிக்கிறான். தமிழ்க் காப்பியத்திலும் குமார பருவத்தைத் தொடர்ந்து நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என வழி நீள்கிறது. எனவே இங்கு அமைதி என்பது அச்சம் அற்றுப்போன நிலையன்று. அஞ்சும்போதும் நடக்கச் செய்யும் பற்றுக்கோடு ஆகும்.

முடிவுரை

கலங்கும் மனத்தைப் பழிக்காமல் அதன் கலக்கத்திற்குப் பொருள் காணுதல், தன்னையே நோக்கும் அதன் பார்வையை அன்பின் வரலாற்றின்பால் திருப்புதல், வழித்துணையின் தேவையை உணர்த்துதல் ஆகிய மூன்றும் இக்காப்பியம் காட்டும் அமைதியின் கூறுகளாகும். அவற்றைத் தமிழ்ப் பக்தி மொழியிலேயே உணர்த்தியமையால், இரட்சணிய யாத்திரிகம் தழுவல் என்னும் எல்லையைக் கடந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கிறித்தவரின் அகவாழ்வைக் காட்டும் வரலாற்றுச் சான்றாகவும் விளங்குகிறது.