புகுமுக வகுப்பில் சமூகவியல்: நாம் கடந்து செல்லும் பாடம்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்ததும் நம் இல்லங்களில் எழும் முதற் கேள்வி, "எந்தப் பிரிவு?" என்பதே. கணிதமும் உயிரியலும் கிடைத்துவிட்டால் அல்ஹம்துலில்லாஹ் என்கிறோம். வணிகவியல் என்றாலும் மனம் ஆறுகிறோம். பிள்ளை சமூகவியல் என்று சொன்னால் மட்டும், "அதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்டு வாயடைத்துவிடுகிறோம். அக்கேள்விக்கு வரலாற்றிலிருந்து விடை தேட இங்கே முயல்கிறோம்.

கல்லூரிக்கு முந்தைய இப்படிப்பு இன்றுள்ள வடிவை மெல்லவே அடைந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் முன்பு ஈராண்டு இன்டர்மீடியட் இருந்தது. 1950களில் அதனிடத்தில் ஓராண்டுப் புகுமுக வகுப்பு வந்தது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர்கள் கல்லூரியில் சேர்ந்தே அதைப் படித்தனர். 1964–66ஆம் ஆண்டுகளில் பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழுவைத் தொடர்ந்து 10+2+3 என்னும் முறை நாடெங்கும் பரவியது. தமிழகத்தில் 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கிற்று. கல்லூரி வாசலில் இருந்த அந்தத் தெரிவு பள்ளிக்குள்ளேயே வந்து சேர்ந்தது.

அம்மாற்றம் நெருங்கிய 1975–78 ஆண்டுகளில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர் மால்கம் ஆதிசேஷையா. யுனெஸ்கோவில் உயர்பொறுப்பு வகித்துத் திரும்பிய அவர், 1971இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அடையாறு காந்தி நகரில் இன்றும் இயங்கும் அந்நிறுவனத்தில் வேளாண்மை, தொழில், சாதி, வறுமை ஆகியன ஆராயப்படுகின்றன. பொறியியல், மருத்துவ நுழைவுத் தேர்வுகளுக்கான பயிற்சிக்கு விரையும் நம் பிள்ளைகள், உள்ளே நடப்பது என்னவென்று அறியாமலே அதன் வாயிலைக் கடந்து செல்கின்றனர்.

மத்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் பதினோராம் வகுப்புச் சமூகவியல் படிப்போர் மார்க்ஸ், டர்க்ஹைம், வெபர் ஆகிய மூவரையும், பின்னர் குர்யே, எம்.என். சீனிவாஸ் முதலிய இந்திய அறிஞர்களையும் அறிகின்றனர். 1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் இத்துறை தொடங்கியதையும் கற்கின்றனர். ஆயினும் இவ்வறிவின் வேர் இவற்றினும் பழமையானது. துனிஸ் நகரில் 1332இல் பிறந்த இப்னு கல்தூன், 1377இல் எழுதிய 'முகத்திமா'வில், மனித சமூகத்தை ஆராய்வது ஒரு தனி அறிவியல் என்று வாதிட்டார். மக்களை ஒன்றாகப் பிணைக்கும் உணர்வை 'அஸபிய்யா' என்றழைத்து, அது வலுக்கும்போது ஆட்சிகள் எழுவதையும் தளரும்போது வீழ்வதையும் காரணங்களோடு விளக்கினார். அவருக்கும் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அல்பிரூனி, சமஸ்கிருதம் கற்று, இந்திய மக்களின் நம்பிக்கைகளையும் வழக்கங்களையும் அவர்களுடைய நூல்களின் வழியாகவே எழுதி வைத்தார். இத்தகைய முன்னோரைப் பெற்ற நாம், நம்மைப் பற்றி எழுதும் பணியைப் பெரும்பாலும் பிறருக்கே விட்டுவிட்டோம்.

அடையாற்றிலிருந்து வெகுதொலைவில் இல்லாத பல்லாவரத்துக்கு, 1960களின் பிற்பகுதியில் மேட்டிசன் மைன்ஸ் என்னும் அமெரிக்க மானிடவியலாளர் வந்தார். அங்குள்ள தமிழ் முஸ்லிம் வணிகர்களிடையே தங்கி ஆராய்ந்து, 1972இல் நூலாக வெளியிட்டார். ராவுத்தர், மரைக்காயர், லெப்பை, காயலர் என்னும் பிரிவுகள் நம்மிடையே இருந்தும் அவை ஏன் சாதியைப் போல் மேல் கீழாக அடுக்கப்படவில்லை என்பது அவர் எழுப்பிய கேள்விகளுள் ஒன்று. நம் வீட்டுத் திருமணப் பேச்சுகளில் அன்றாடம் புழங்கும் செய்தியை ஆய்வுக்குரிய கேள்வியாகக் காண, கடல் கடந்து ஒருவர் வர வேண்டியிருந்தது.

இது ஏட்டோடு நிற்கும் செய்தியன்று. 2005இல் அமைக்கப்பட்டு 2006இல் அறிக்கை அளித்த சச்சார் குழு, கல்வியிலும் அரசுப் பணியிலும் இந்திய முஸ்லிம்கள் எந்நிலையில் உள்ளனர் என்பதைப் புள்ளிவிவரங்களால் காட்டியது. 2007இல் தமிழக அரசு பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கியது. ஒரு சமுதாயத்தின் பின்தங்கிய நிலையை எவரேனும் எண்ணிக் கணக்கிட்டு எழுதினால்தான் அரசு அதைச் செவிமடுக்கும். நம் பிள்ளை கல்லூரி விண்ணப்பத்தோடு இணைக்கும் சாதிச் சான்றிதழின் பின்னால் அத்தகைய உழைப்பு இருக்கிறது.

வேலை குறித்த பெற்றோரின் கவலை நியாயமானதே. ஆனால் சமூகவியல், குடிமைப் பணித் தேர்வில் விருப்பப் பாடமாக உள்ளது. சட்டம், சமூகப் பணி, இதழியல் ஆகியவற்றுக்கும் அது அடித்தளமாகிறது. மக்களைப் பல சமூகங்களாகவும் குலங்களாகவும் படைத்தது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்று சூரத்துல் ஹுஜுராத் நமக்கு உணர்த்துகிறது. அவ்வாறு அறிவதற்கும் முறையான பயிற்சி தேவை. எல்லாப் பிள்ளைகளும் சமூகவியல் படிக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. ஆர்வத்தோடு அதைக் கேட்டு வரும் ஒரு பிள்ளையையேனும் இவ்வாண்டு திருப்பி அனுப்பாதிருப்போம். நாளை நம் மஹல்லாவின் வரலாற்றை எழுதப்போவது அப்பிள்ளையாகவும் இருக்கலாம், இன்ஷா அல்லாஹ்.