வேங்கடத்தின் பழைய அடைமொழி

அலிபிரியில் மலையேறத் தொடங்குவோரில் பலர் படிக்கட்டின் முன் விழுந்து வணங்கிவிட்டே முதலடி வைப்பர். அந்த 'விழு' வினைச்சொல். அதே வடிவில் வேறொரு 'விழு' தமிழில் வழங்கியது. பெருமிதமும் மேன்மையும் ஒருசேரத் தோன்றும் ஒன்றைச் சுட்டும் அடை அது. மேலே நிற்கும் மலையைத் 'திரு' சேர்த்து அழைக்கும் வழக்கம் நிலைபெறுவதற்கு முன்பே இந்த அடை அதற்குச் சூட்டப்பட்டிருந்தது.

சான்று அகநானூற்றின் 61ஆம் பாடல். பாடியவர் மாமூலனார், திணை பாலை. பொருள்தேடிப் பிரிந்தவனை எண்ணி வருந்தும் தலைவியைத் தோழி ஆற்றுவிக்கிறாள். கள்வர் தலைவன் புல்லியின் வேங்கடத்தையே பெற்றாலும் அவன் அங்குத் தங்கிவிடமாட்டான் என்பது அவள் தரும் உறுதி. அவ்விடத்தில் வேங்கடம் விழாக்களை உடையது, 'விழுச்சீர்' வாய்ந்தது எனப்படுகிறது. எத்தெய்வத்துக்கு விழா என்று பாடல் கூறவில்லை. ஒருவன் இல்லம் மறந்து தங்கிவிடத் தக்க பேறுகளின் உச்சமாகவே மலை நிற்கிறது.

இச்சொல்லின் உட்பொருளைத் தொல்காப்பிய உரியியல் காட்டுகிறது. 'விழுமம்' என்பதற்கு அது தரும் பொருள்கள் மூன்று: சீர்மை, சிறப்பு, இடும்பை. மேன்மையும் துன்பமும் ஒரே சொல்லில் எவ்வாறு பொருந்தும் என்று முதன்முறை படிக்கும் மாணவர் திகைப்பதுண்டு. திருக்குறளிலும் இரண்டும் உள்ளன. 131ஆம் குறளின் 'விழுப்பம்' உயர்வு. 107ஆம் குறளின் 'விழுமம்' நண்பர் வந்து துடைக்க வேண்டிய துயர். இலத்தீனின் 'கிராவிஸ்' இதற்கு நல்ல ஒப்புமை. எடைமிக்கது என்பதே அதன் அடிப்பொருள். அதிலிருந்து மாண்பும் கிளைத்தது, துயரும் கிளைத்தது. தமிழ்ச் சொல்லிலும் பாரம் என்னும் கருத்தை நடுவில் வைத்துப் பார்த்தால் இரு பொருளும் தொடர்புறுகின்றன. எளிதில் அசையாததே விழுமியது.

ஆங்கிலத்தில் இதற்கு நெருங்கிய அடை 'ஆகஸ்ட்'. அதன் மூலமான இலத்தீன் அடையையே கி.மு. 27இல் உரோமைச் செனட் அவை ஆக்டேவியனுக்கு 'அகஸ்டஸ்' என்னும் பட்டமாக வழங்கியது. அப்பெயர் தமிழகக் கரையையும் எட்டியது: பியூட்டிங்கர் நிலப்படம் முசிறிக்கு அருகே அகஸ்டஸ் கோயில் ஒன்றைக் குறிக்கிறது. பின்னர் அச்சொல் மாதப் பெயராகவும் ஆயிற்று. எனினும் அடைக்கு இரண்டாம் அசையிலும் மாதத்துக்கு முதலசையிலும் அழுத்தம் விழுவதால் ஆங்கிலத்தில் இரண்டும் குழம்புவதில்லை.

'விழு'வுக்கு அந்தப் பாதுகாப்பு வாய்க்கவில்லை. அன்றாட வினையான 'விழு'வுக்கும் அதற்கும் ஒலியளவில் வேறுபாடே இல்லை. அதன் நலிவுக்கு இதுவே முதன்மைக் காரணம் எனக் கருத இடமுண்டு. 776ஆம் குறளின் 'விழுப்புண்' போரில் எய்திய சிறந்த புண். இன்று அதைக் கீழே விழுந்ததால் பட்ட காயம் என்று பொருள்கொள்வோரும் உளர். 'விழுமிய' என நீண்ட வடிவமும், நெறிசார்ந்த மதிப்பைக் குறிக்க இக்காலத்தில் பரவிய 'விழுமியம்' என்ற சொல்லுமே எஞ்சின.

அவ்விடத்தைத் 'திரு' நிரப்பியது. பல்லவர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளிலேயே மலை 'திருவேங்கடம்' ஆகிவிடுகிறது. காண்போர் விரும்பும் தன்மையே திரு என்று திருக்கோவையார் உரையில் பேராசிரியர் விளக்குவார். 'விழு' பொருளின் கனத்தைச் சொல்கிறது. 'திரு' பார்ப்பவரின் விருப்பத்தைச் சொல்கிறது. அடையாளம் அதுவே என்றாலும் மலையை நோக்கும் கோணம் மாறிவிட்டது.

திருவின் பிற்கால வாழ்வும் விந்தையானது. திருமலை, திருப்பதி, திருமஞ்சனம் எனத் தெலுங்கில் அது பெயர்களுக்குள் உறைந்து, பொருள் பிரித்து உணரப்படாமல் நிற்கிறது. தமிழ்நாட்டிலோ 1967இல் அண்ணா அரசு 'ஸ்ரீ'க்கு மாற்றாக ஏற்றபின் அலுவலகக் கடிதத்தில் எவர் பெயருக்கும் முன்னொட்டாயிற்று. பேரவைத் தமிழ் 'ஆகஸ்ட்'டின் பெருமிதத்தை 'மாண்புமிகு' என்பதில் தேடிக்கொண்டது. அதுவும் இன்று பதவிப்பெயரின் ஓர் உறுப்பாகவே ஒலிக்கிறது.

அடிவாரப் பெயரில் மட்டும் இவ்வடைகள் எவையும் ஒட்டவில்லை. திருமலை நம்பியிடம் இராமானுசர் இராமாயணப் பொருள் கேட்ட இடம் மலையடிவாரம் என்பது வைணவ மரபு. அங்கு நின்ற புளியமரத்தால் 'அடிப்புளி' எனப்பட்டதே 'அலிபிரி' எனத் திரிந்தது என்று ஒரு விளக்கம் வழங்குகிறது. டகரம் லகரமானதற்கும் ஈற்று ளகரம் ரகரமானதற்கும் இடைப்பட்ட வடிவங்கள் கல்வெட்டில் காட்டப்பட்டாலன்றி அவ்விளக்கத்தை ஊகமாகவே கொள்ள வேண்டும்.