உளி பிடித்த கைக்கும் உரிமை உண்டு

பட்டம் பெற்றோரே வாழத் தகுந்தோர் என்னும் எண்ணம் நாட்டுக்கு நலம் பயக்காது. ஜெர்மனியின் வரலாற்றைக் காண்போம்.

1883-இல் பிஸ்மார்க் அரசு, தொழிலாளர்க்கு நோய்க் காப்பீட்டுச் சட்டம் இயற்றிற்று. சந்தாவில் இரு பங்கு தொழிலாளி, ஒரு பங்கு முதலாளி. நோயுற்றோர்க்கு மருத்துவமும் 13 வாரம் வரை உதவித்தொகையும் கிட்டின. சமதர்மவாதிகளின் செல்வாக்கைக் குறைக்கவே பிஸ்மார்க் அதைத் தந்தார். ஆயினும், தந்தவர் சூழ்ச்சி மாய்ந்தது. பெற்றவர் உரிமை வளர்ந்தது! 2009 முதல் அங்கு வாழும் அனைவர்க்கும் மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

உடலைக் காத்த நாடு, கைத்திறனையும் காத்தது. 1969-இல் மேற்கு ஜெர்மனி தொழிற்பயிற்சிச் சட்டம் கண்டது. பட்டறையில் வேலை, பள்ளியில் பாடம், பயிலும்போதே உதவித்தொகை!

கல்லூரி வேண்டாம் என்கிறோமா? இல்லை. கல்லூரி காணாதோரும் கையேந்தாது வாழவேண்டும் என்கிறோம். நோய், பட்டம் பார்த்தா வருகிறது? மருந்து மட்டும் ஏன் பட்டம் பார்க்க வேண்டும்?