தாயின் வயதும் கடைசி மூன்று மாதக் கருவளர்ச்சியும்: சராசரி எடை மறைப்பவை

தாயின் வயதையும் குழந்தையின் பிறப்பு எடையையும் இணைக்கும் கோடு பொதுவாக ஒரு மேட்டைப் போலக் காட்டப்படுகிறது. 20 வயதுக்குக் கீழே எடை குறைவு; இருபதுகளின் பிற்பகுதியை ஒட்டி உச்சம்; 35-க்குப் பின் மீண்டும் சரிவு. இந்தப் படம் கற்பிக்க எளியது. ஆனால் இரண்டு சரிவுகளும் ஒரே வகைக் கேட்டின் இரு முனைகள் என்ற எண்ணத்தை அது விதைத்துவிடுகிறது. இளவயதுச் சரிவுக்கும் முதிர்வயதுச் சரிவுக்கும் காரணங்கள் வேறு, அவை வெளிப்படும் விதமும் வேறு என்பதே இக்கட்டுரையின் வாதம். இரண்டையும் பிரித்தறிய, பிறந்த அன்று தராசு காட்டும் எடை போதாது. கடைசி 12 வாரங்களில் கரு வளர்ந்த வேகத்தைப் பார்க்க வேண்டும்.

28-ஆம் வாரத்தில் கருவின் எடை ஏறத்தாழ 1 கிலோ. மாதம் நிறைந்து பிறக்கும்போது அது 3 கிலோவை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். மொத்த எடையில் பாதிக்கும் மேல் சேர்வதும், தோலுக்கடியில் கொழுப்பு படிவதும் இந்தக் காலத்தில்தான். தாயின் உணவிலும் இரத்த ஓட்டத்திலும் முன்பே இருந்த பற்றாக்குறை, தேவை உச்சத்தை எட்டும் இந்த வாரங்களில்தான் வெளியே தெரிகிறது.

இளவயதுத் தாய்மாரைப் பற்றிய ஆய்வுகளில் தெரசா ஷோல் குழுவினர் அமெரிக்காவின் கேம்டன் நகரில் செய்த பணியை மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். கர்ப்பமான வளரிளம் பெண் இன்னும் வளர்கிறாளா என்பதை நின்ற உயரத்தை வைத்து அறிய முடியாது. கர்ப்பத்தின்போது முதுகெலும்பு சற்று அழுந்துவதால் உயரம் குறைந்தது போலக்கூடத் தோன்றும். அதனால் அவர்கள் முழங்கால் உயரத்தை நுட்பமான கருவியால் அளந்தார்கள். பெண்களில் ஒரு பகுதியினர் கர்ப்பத்தின்போதும் வளர்ந்துகொண்டிருந்தது தெரியவந்தது. வளர்ந்துகொண்டிருந்தவர்களுக்கு எடை கூடுதலாகவே ஏறியது. ஆயினும் அவர்களுடைய குழந்தைகள் சுமார் 150 கிராம் குறைவாகப் பிறந்தன. 28-ஆம் வாரத்துக்குப் பிறகு, சேமித்த கொழுப்பைக் கருவுக்காக விட்டுக்கொடுக்க வேண்டிய தாயுடல், தனக்கே மேலும் சேர்த்துக்கொண்டது. அபர்டீனின் ரௌவெட் ஆய்வு நிறுவனத்தில் ஜாக்குலின் வாலஸ் இளம் செம்மறியாடுகளிடம் கண்டதும் இதனோடு பொருந்துகிறது. ஏராளமாகத் தீனி தரப்பட்ட இளம் தாயாடுகள் தாம் வேகமாக வளர்ந்தன. அவற்றின் நஞ்சுக்கொடி சிறுத்தது, குட்டியும் சிறுத்தது.

உணவு போதாத இடத்தில், தாயுடலுக்கும் கருவுக்கும் இடையிலான இந்தப் போட்டி வேறு விதமாக முடிகிறது. வங்கதேசக் கிராமப்புற வளரிளம் பெண்களைத் தொடர்ந்து அளந்த ஓர் ஆய்வில், கர்ப்பமாகாதவர்கள் வளர்ந்தார்கள். கர்ப்பமானவர்களின் வளர்ச்சி நின்றுபோனது. கேம்டனில் விலை கொடுத்தது குழந்தை. இங்கே தாயும் தன் உயரத்தில் ஒரு பங்கை இழக்கிறாள். குட்டையான தாய்க்குச் சிறிய குழந்தை பிறக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால் இந்த இழப்பு அடுத்தடுத்த பிள்ளைப்பேறுகளிலும் தொடரும். தெற்காசியாவைப் பற்றிப் பேசும்போது இதை ஓர் அடிக்குறிப்பாக ஒதுக்குவது பெரும் பிழை.

இளவயதுக் கேடு முழுவதும் வறுமையின் கேடுதான் என்பாரும் உண்டு. ரோட்டர்டாமின் ஜெனரேஷன் ஆர் ஆய்வில், 20 வயதுக்குட்பட்ட தாய்மாரிடம் கண்ட எடைக்குறைவு அபாயம், கல்வி, வருமானம், புகைப்பழக்கம் போன்றவற்றைக் கணக்கில் கொண்டதும் மறைந்தது. ஆனால் 1995-இல் வெளியான யூட்டா மாநில ஆய்வு திருமணமான, வயதுக்கேற்ற கல்வி பெற்ற, முறையான கர்ப்பகாலக் கவனிப்பும் பெற்ற பெண்களைத் தனியே பார்த்தது. அவர்களிலும் இளையோருக்கு அபாயம் கூடுதலாகவே இருந்தது. இந்த இரண்டும் மோதுவதாக நான் நினைக்கவில்லை. '20 வயதுக்குக் கீழ்' என்ற ஒற்றைப் பெட்டிக்குள் 14 வயதுச் சிறுமியும் 19 வயதுப் பெண்ணும் அடைக்கப்படுகிறார்கள். தன் வளர்ச்சி முடிந்த 19 வயதுப் பெண்ணிடம் வறுமையை நீக்கினால் பெரும்பாலும் எதுவும் மிஞ்சாது. வளர்ந்துகொண்டிருக்கும் சிறுமியிடம் உடலியல் மிஞ்சும். எனவே ஆண்டுக்கணக்கைவிட, பூப்பெய்தி எத்தனை ஆண்டுகள் ஆயின என்ற கேள்வி கூடுதல் பயன் தரும். ஊட்டக்குறைவால் பூப்பு தள்ளிப்போகும் இடங்களில் வளர்ச்சியும் பிந்தியே முடியும் என்பதால் 18 வயதுகூட அங்கே இளமைதான். பிரேசில், குவாத்தமாலா, இந்தியா, பிலிப்பைன்ஸ், தென்னாப்பிரிக்கா ஆகிய 5 நாடுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2015-இல் வெளிவந்த பகுப்பாய்வில், சமூகநிலையைக் கணக்கில் கொண்ட பின்னும் 19 வயதும் அதற்குக் கீழுமான தாய்மாரின் குழந்தைகளுக்கு எடைக்குறைவும், 2 வயதில் உயரக்குறைவும் கூடுதலாக இருந்தது இதற்கு இசைவானது.

மறுமுனைக்கு வருவோம். 35-ஐக் கடந்த தாயிடம் எதிரெதிரான இரு விசைகள் வேலை செய்கின்றன. வயதோடு கூடும் இரத்த அழுத்தமும் கருப்பைத் தமனிகளின் தடிப்பும் நஞ்சுக்கொடிக்கு வரும் இரத்தத்தைக் குறைத்துக் கருவைச் சிறுக்கச் செய்கின்றன. வயதோடு கூடும் கர்ப்பகால நீரிழிவு கருவைப் பருக்கச் செய்கிறது. ஒரு கூட்டத்தில் இரண்டும் சேர்ந்தால் சராசரி எடை ஏறக்குறைய அசையாமல் நிற்கும். இரு ஓரங்களும் மட்டும் விரியும். சராசரியைப் பார்த்து 'வயதால் பாதிப்பில்லை' என்று எழுதுவது இங்கேதான் ஆபத்தாகிறது.

பின்லாந்தில் ஒரே தாயின் பிள்ளைகளை ஒருவரோடொருவர் ஒப்பிட்டு 2017-இல் வெளியான ஆய்வு, 35-க்குப் பின் பிறந்த பிள்ளைக்கு எடைக்குறைவு அபாயம் கூடவில்லை என்றது. நுட்பமான முறை, குடும்பச் சூழலின் குறுக்கீட்டை அது நீக்குகிறது. ஆயினும் 35-க்குப் பின் மறுபடி கருவுறுபவர்கள் பெரும்பாலும் முந்தைய பேறு நன்றாக அமைந்தவர்கள். அதோடு தலைச்சன் பிள்ளை பொதுவாக அடுத்த பிள்ளையைவிட எடை குறைவாகவே பிறக்கும். 38 வயதில் தலைப்பிரசவம் காணும் பெண்ணுக்கு இந்த முடிவு எவ்வளவு பொருந்தும் என்பது தனியே ஆராய வேண்டியது. வயது முதிர்ந்த சுண்டெலிகளில் மான்செஸ்டரின் ஓர் ஆய்வுக்குழுவினர் கண்டதையும் இங்கே நினைக்க வேண்டும். நஞ்சுக்கொடி எடை கூடியிருந்தது, கரு சிறுத்திருந்தது. உறுப்பு பெரிதாகியும் பயன் குறைந்தது. பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் ராயல் கல்லூரி 2013-இல் சொன்னபடி, 40 கடந்த பெண்ணுக்கு 39-ஆம் வாரத்தில் உள்ள, குழந்தை வயிற்றிலேயே இறக்கும் அபாயம், இருபதுகளின் பிற்பகுதிப் பெண்ணுக்கு 41-ஆம் வாரத்தில் உள்ளதற்கு நிகர். நல்ல எடையோடு இருக்கும் கருவுக்கும் நஞ்சுக்கொடி முன்கூட்டியே தளரலாம் என்றே இதைப் படிக்கிறேன்.

அப்படியானால் எதை அளப்பது? ஸ்கேனில் கணிக்கும் கரு எடை 10 சதவீதம் பிசகுவது வழக்கம். 3 கிலோவில் அது 300 கிராம். கேம்டனில் கண்ட வேறுபாட்டைப் போல் இரு மடங்கு. ஒற்றை ஸ்கேனில் வயதின் விளைவைத் தேடுவது வீண். கேம்பிரிட்ஜில் முதல் முறை கருவுற்ற பெண்களை 28, 36 ஆகிய வாரங்களில் ஸ்கேன் செய்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. சிறிய கருக்களுள் உண்மையான இடரில் இருப்பவற்றைப் பிரித்துக் காட்டியது, இரண்டு ஸ்கேனுக்கு நடுவே வயிற்றுச் சுற்றளவு வளர்ந்த வேகம். ஒப்பிட நாம் எடுக்கும் அளவுகோலையும் கவனிக்க வேண்டும். நாக்பூர் உட்பட 8 இடங்களில் உருவான இன்டர்குரோத்-21 என்னும் கருவளர்ச்சித் தரநிலை 18 முதல் 35 வயது வரையிலான நலமுள்ள பெண்களைக் கொண்டே வகுக்கப்பட்டது. இயல்பான வளர்ச்சியை வரையறுக்க அது சரியான தேர்வு. ஆனால் வயதின் இரு ஓரங்களிலும் வளர்ச்சி எப்படித் திரிகிறது என்பதை அந்த அட்டவணை சொல்லாது.

இனி நம் நாட்டு நடைமுறைக்கு வருவோம். இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையிலான பெண்களில் 6.8 சதவீதத்தினர் ஏற்கெனவே தாய்மார் அல்லது கர்ப்பிணிகள் என்றது ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. தமிழ்நாட்டின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி பெற 19 வயது நிறைந்திருக்க வேண்டும். இளவயதுத் திருமணத்தைத் தடுக்கும் நோக்கம் இதற்குண்டு. அந்த நோக்கத்தை மதிக்கிறேன். ஆனால் கருவுற்றுவிட்ட 17 வயதுப் பெண்ணுக்கு இந்த விதி எதையும் தடுக்கவில்லை. உணவுக்கான போட்டி மிகக் கடுமையாக நடக்கும் உடலுக்கே இத்திட்டம் தரும் ஊட்டப்பெட்டகமும் பணமும் போய்ச்சேராமல் செய்கிறது. திருமணத்தைத் தடுக்கச் சட்டம் இருக்கிறது; அந்த வேலையைக் கர்ப்பிணியின் உணவின்மீது சுமத்தலாகாது. வயது வரம்பை ஊட்ட உதவியிலிருந்து மட்டுமாவது நீக்க வேண்டும். தாய்–சேய் நல அட்டையில் தாயின் வயதோடு பூப்பெய்திய வயதும் எத்தனையாவது பேறு என்பதும் சேர்த்துக் குறிக்கப்பட வேண்டும். 18 வயதுக்குக் கீழும் 35-க்கு மேலும் உள்ள ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் 28-ஆம் வாரத்தை ஒட்டி ஒன்றும் 36-ஐ ஒட்டி ஒன்றுமாக இரண்டு வளர்ச்சி ஸ்கேன் கட்டாயமாக வேண்டும்.