பனி சுமந்த படைவீரர்

மழைக்கு ஏங்கும் உழவரைப் போல, 1964ஆம் ஆண்டிலே ஒரு மலைநகர் வெண்பனிக்கு ஏங்கி நின்றது. ஒஸ்திரிய நாட்டில், அல்ப்ஸ் மலைகளிடையே அமைந்த இன்ஸ்புரூக் நகரே அது. குளிர்கால ஒலிம்பிக் விழா ஜனவரி 29ஆம் திகதி ஆரம்பமாகவிருந்தது. சறுக்குச் சரிவுகளிலோ போதிய பனி இல்லை.

இந்நிலையில் அந்நாட்டு இராணுவம் துணைக்கு வந்தது. சறுக்குவண்டிப் பாதைகளுக்கென 20,000 பனிக்கட்டிப் பாளங்களையும், சரிவுகளுக்கென 40,000 கனமீற்றர் வெண்பனியையும் வீரர்கள் மலைகளிலிருந்து கொணர்ந்தனர். இடையே மழை பெய்து அவ்வுழைப்பைக் கெடுத்தது. அவர்கள் கையாலும் காலாலும் பனியை மீண்டும் இறுக்கினர்.

விழா குறித்த நாளில் தொடங்கிற்று. எனினும், அதற்கு முன்னரே பயிற்சியின்போது போட்டியாளர் இருவர் உயிர் நீத்திருந்தனர்.

இன்று மலைநகரங்களில் இயந்திரங்கள் நீரைத் தூவிப் பனி ஆக்குகின்றன. ஆயினும் அவற்றுக்கும் குளிர்ந்த காற்று வேண்டும். அதனை வழங்க வேண்டியது பருவமே.