புள்ளியை விழுங்கியது ஓலையா?

பழைய ஏட்டில் ‘கலவி’ என்று கீறியிருந்தால் அது கல்வியா, கலவியா என்பதை எழுத்து சொல்லாது. ‘எரி’ என்பது நெருப்பாகவும் இருக்கலாம், ஊர் ஏரியாகவும் இருக்கலாம். ரகரத்துக்கும் காலுக்கும் ஒரே வடிவம். மெய்யெழுத்துக்குப் புள்ளி வேண்டும், எகர ஒகரக் குறில்களுக்கும் புள்ளி வேண்டும் என்று தொல்காப்பியம் தெளிவாக விதித்திருக்கிறது. பூலாங்குறிச்சிப் பாறையில் புள்ளியோடு வெட்டிய எழுத்தையே காண்கிறோம். அப்படியிருக்க, பின்வந்த நூற்றாண்டுகளின் ஏடுகளில் பெரும்பாலும் அது எங்கே போயிற்று? புள்ளி குத்தினால் ஓலை கிழிந்துவிடும், அதனால் விட்டுவிட்டார்கள் என்பது நமக்குப் பழகிப்போன விடை. இந்த விடையில் உண்மை கொஞ்சம்தான் உண்டு. புள்ளி மறைந்ததற்கும் மீண்டு வந்ததற்கும் காரணத்தை எழுதும் பொருளில் தேடுவதைவிடப் படிப்பவரிடம் தேடுவதே சரி என்று நினைக்கிறேன்.

முதலில் ஓலையையே பார்ப்போம். எழுதுபவர் ஏட்டை இடக்கையில் பிடித்து, எழுத்தாணியின் முனையை இடக்கைப் பெருவிரலில் தாங்கிக்கொண்டு, ஏட்டை இடப்புறமாக நகர்த்தியபடியே கீறிக்கொண்டு போவார். கீறி முடிந்ததும் கரியும் எண்ணெயும் தடவித் துடைத்தால் கறுப்பு கீறலில் மட்டும் தங்கும். நார் நீளவாக்கில் ஓடுவதால் நீண்ட கிடைக்கோடு ஓலையைப் பிளக்கக்கூடும் என்பது உண்மை. ஆனால் புள்ளி என்றால் துளை போட்டே ஆக வேண்டும் என்பதில்லை. சின்னதாக ஒரு வட்டம் சுழித்தால் போதும். சிங்கள எழுத்தர்களும் ஓலையில்தான் எழுதினார்கள். அவர்கள் உயிர் நீங்கிய மெய்க்குரிய குறியை விடவில்லை, அனுஸ்வாரத்தின் சிறு வட்டத்தையும் விடவில்லை. தமிழ் ஏடுகளிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளி தலைகாட்டத்தான் செய்கிறது. கல்லும் செப்பேடும் கிழிவதில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளிலோ பெரும்பாலும் புள்ளி இல்லை.

கல்லில் வெட்ட வேண்டியதை முன்னதாக ஓலையில் எழுதிக் கொடுத்தார்கள், ஓலையின் வழக்கம் கல்லிலும் ஏறிவிட்டது என்று இதற்கு மறுப்புச் சொல்லலாம். நல்ல மறுப்புதான். ஆனால் ஈய எழுத்து வந்த பிறகும் நிலைமை மாறவில்லையே. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கச் சிறு நூல். அதைத் தந்த என்றீக்கே என்றீக்கசு போர்த்துக்கீசியர். உயிருக்கும் மெய்க்கும் தனித்தனி எழுத்துள்ள இலத்தீன் வரிவடிவத்தில் வளர்ந்தவர். அச்சு வார்க்கும் வசதியும் இருந்தது. இருந்தும் அந்த நூலில் புள்ளி இல்லை. எகர ஏகார வேறுபாடும் இல்லை. முத்துக்குளித்துறை மக்களுக்கு ஓலை எப்படிப் பழகியிருந்ததோ அப்படியே அச்சும் வந்தது. ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்டு மனப்பாடம் செய்யும் செபங்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

அந்தக் காலப் படிப்பின் தன்மை இங்கேதான் விளங்குகிறது. திண்ணைப் பள்ளியில் பையன் பாட்டை முதலில் காதால் வாங்கி மனத்தில் ஏற்றிக்கொண்டான். ஏடு நினைவுக்குத் துணையாக மட்டுமே இருந்தது. யாப்பு ஓசை பிழையைக் காட்டிக் கொடுத்தது. தமிழில் எந்த மெய்க்குப் பின் எந்த மெய் வரும் என்பதற்கு வரம்பு உண்டு. மொழி அறிந்தவர் ‘பததி’யைப் பார்த்ததும் பத்தி என்று படித்துவிடுவார். கணக்கோலையும் கடிதமும் யாரும் மனப்பாடம் செய்யாதவை ஆயிற்றே என்று கேட்கலாம். அவை ஒரு கணக்கர் எழுத, அதே தொழிலில் ஊறிய இன்னொரு கணக்கர் படித்தவை. அவற்றின் வாசகமும் பெரும்பாலும் வார்ப்பு வாசகம்தான்.

புள்ளியின் தேவையை முதலில் உணர்ந்தவர் புத்தகத்திலிருந்தே தமிழ் கற்க வேண்டியிருந்த அந்நியர். வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது. அது புதிதாக வந்திறங்கும் ஐரோப்பியப் பாதிரிமாருக்காக இலத்தீனில் எழுதப்பட்டது. ஏகார ஓகாரங்களுக்கு இரட்டைச் சுழிக் கொம்பு தந்த பெருமையும் அவருக்கே வழங்கப்படுகிறது. ஆனால் அவர் சொன்னவுடன் நாடு மாறிவிடவில்லை. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில்கூட அந்த வேறுபாடு இல்லாத நூல்கள் அச்சாகிக்கொண்டுதான் இருந்தன. 1835இல் அச்சுச் சட்டம் தளர்ந்து, உள்ளூர்க்காரர்களின் அச்சகங்கள் பெருகி, செய்தித்தாளும் பாடநூலும் உரைநடையும் வந்தன. 1879இல் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வெளியானபோது, அதை வாங்கியவருக்கு முன்பின் தெரியாத கதை அது. பக்கத்தில் ஆசிரியர் இல்லை, துணைக்கு யாப்பும் இல்லை. அத்தகைய வாசகருக்குப் புள்ளி இல்லாமல் முடியாது.

இதில் இன்றைக்கும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, புள்ளியில்லாத ஏடுகளை ஒப்பிட்டு, ஒவ்வோர் இடத்திலும் மெய்யா உயிர்மெய்யா, குறிலா நெடிலா என்று தீர்மானிக்க வேண்டியிருந்தது. நம் கையிலுள்ள சங்க நூல்களிலும் அச்சிட்ட கல்வெட்டு வாசகங்களிலும் உள்ள புள்ளிகளில் பெரும்பகுதி இப்படிப் பதிப்பாசிரியர்கள் இட்டவை. அந்த உழைப்புக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அதற்காக அவர்கள் தீர்ப்பையே மூலம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இனி ஏட்டையோ கல்வெட்டையோ வெளியிடுபவர்கள், புள்ளியிட்ட வாசகத்தின் பக்கத்திலேயே மூலத்தின் படத்தையும் தர வேண்டும்.