வஹாக்கா பள்ளத்தாக்கு

வஹாக்கா பள்ளத்தாக்கு மெக்சிகோவின் தென்பகுதியில், வஹாக்கா மாநிலத்தின் நடுவே மலைகள் சூழ அமைந்த சமவெளி. சபோடெக் மக்களின் பண்டைத் தலைநகரான மோந்தே அல்பான், கல் வேலைப்பாட்டுக்குப் பெயர்பெற்ற மித்லா, ஸ்பானியர் அமைத்த வஹாக்கா நகரம் ஆகிய மூன்றும் இங்கு ஒன்றுக்கொன்று அருகில் உள்ளன. நகரின் பழைய பகுதியையும் மோந்தே அல்பானையும் சேர்த்து 1987இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. பண்டை நகரங்களைக் கட்டிய மக்களின் வழிவந்தோர் இன்றும் இதே மண்ணில், தம் மொழியைப் பேசி வாழ்கிறார்கள். இப்பகுதிக்குத் தனிச்சிறப்பு தருவது அதுவே.

நிலமும் தட்பவெப்பமும்

பள்ளத்தாக்கு மூன்று கிளைகளாகப் பிரிகிறது: வடமேற்கில் எத்லா, கிழக்கில் த்லாகோலுலா, தெற்கில் சிமத்லான். மூன்றும் கூடும் இடத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,550 மீட்டர் உயரத்தில் வஹாக்கா நகரம் இருக்கிறது. வெப்பமண்டலத்துக்குள் இருந்தாலும் இந்த உயரத்தால் ஆண்டின் பெரும்பகுதி இதமான வானிலை நிலவுகிறது. மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட பகலும் குளிர்ந்த இரவும் இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில்தான் வெயில் அதிகம்.

வண்டல் மண்ணும் மிதமான வானிலையும் இங்கு வேளாண்மையை மிக முன்னதாகவே தொடங்கி வைத்தன. மித்லா அருகிலுள்ள கிலா நக்கிட்ஸ் குகையில் சுமார் 10,000 ஆண்டுப் பழமையான பூசணி விதைகளும், 6,000 ஆண்டுக்கு முந்தைய மக்காச்சோளக் கதிர்களும் கிடைத்துள்ளன. யாகுல், மித்லா வட்டாரத்துக் குகைகள் 2010இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

மோந்தே அல்பான்

கி.மு. 500 அளவில் சபோடெக் மக்கள், மூன்று கிளைகளையும் ஒருசேரப் பார்க்கக்கூடிய மலை ஒன்றின் உச்சியைச் சமன்படுத்தி இந்நகரை எழுப்பினர். பள்ளத்தாக்கின் தரையிலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில், 300 மீட்டர் நீளமுள்ள மைதானத்தைச் சுற்றிப் படிமேடைகளும் கோயில்களும் பந்தாட்டக் களமும் அமைந்துள்ளன. இங்குள்ள பழமையான கற்பலகைகளில் உடல் முறுக்கிய ஆண்களின் உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. முன்பு இவர்களை நடனக்காரர்கள் என்று கருதினர். பலியிடப்பட்ட போர்க் கைதிகள் என்பதே இன்று ஆய்வாளர் பலரின் கருத்து.

கி.பி. 9ஆம் நூற்றாண்டுக்குள் நகரம் பெரும்பாலும் கைவிடப்பட்டது. பின்னர் மிஸ்டெக் மக்கள் பழைய கல்லறைகளில் தம்மவரை அடக்கம் செய்தனர். அவற்றுள் ஒன்றான ஏழாம் கல்லறையை மெக்சிகோ தொல்லியலாளர் அல்போன்சோ காசோ 1932 ஜனவரியில் திறந்தார். தங்க அணிகள், நீலப்பச்சைக் கற்கள் பதித்த மண்டையோடு, நுண்ணிய செதுக்கல்கள் கொண்ட எலும்புகள் எனப் பெரும் செல்வம் வெளிப்பட்டது.

மித்லா

மோந்தே அல்பானுக்குப் பின் ஓங்கிய நகரம் மித்லா. இதன் அரண்மனைச் சுவர்களில் வெட்டிய சிறு கற்களைச் சாந்தின்றிப் பொருத்தி, படிக்கட்டு போலவும் சுருள் போலவும் மடியும் கோலங்களை உருவாக்கியிருக்கிறார்கள். ஒற்றைக் கல்லால் ஆன ஆறு தூண்கள் நிற்கும் மண்டபமும் இங்கு உண்டு. ஸ்பானியர் பழைய கட்டடங்களின் மேடையிலேயே, அவற்றின் கற்களைக் கொண்டே சான் பாப்லோ தேவாலயத்தைக் கட்டினர். அச்சுவர்களை ஒட்டியே பழைய முற்றங்கள் இன்றும் உள்ளன.

காலனியக் கட்டடங்கள்

1521இல் ஸ்பானியர் இங்கு வந்தனர். மெக்சிகோ நகருக்குத் தெருத்திட்டம் வகுத்த அலோன்சோ கார்சியா பிராவோ, 1529இல் இந்நகரையும் கட்டம் கட்டமாக வகுத்தார். 1532இல் அந்தெகேரா என்ற பெயரில் இது அரச நகரத் தகுதி பெற்றது. பச்சைச் சாயல் கொண்ட உள்ளூர்க் கல்லே முக்கியக் கட்டுமானப் பொருள். நிலநடுக்கம் மிகுந்த நிலம் என்பதால் சுவர்களைத் தடிப்பாகவும் கோபுரங்களைக் குட்டையாகவும் கட்டினர்.

16ஆம் நூற்றாண்டில் தொடங்கப்பட்ட சாந்தோ தொமிங்கோ தேவாலயத்தின் உட்புறம் முழுவதும் பொன்முலாம் பூசிய சுதை வேலைப்பாடுகள். பக்கத்து மடம் 19ஆம் நூற்றாண்டில் படைவீடாக மாறி, 1990களில் புதுப்பிக்கப்பட்டது. ஏழாம் கல்லறைச் செல்வங்கள் உள்ள அருங்காட்சியகமும், மாநிலத்தின் தாவரங்களை வளர்க்கும் தோட்டமும் இப்போது அவ்வளாகத்தில் உள்ளன. நகருக்குத் தெற்கே குயிலாப்பானில் கூரையற்ற பெரிய தேவாலயம் ஒன்று நிற்கிறது. மெக்சிகோவில் அடிமைமுறையை ஒழித்த குடியரசுத் தலைவர் விசென்தே கெரெரோ 1831இல் சுட்டுக் கொல்லப்பட்டது அவ்வூரில்தான்.

செஞ்சாயம்

இக்கட்டடங்களுக்கான செல்வத்தில் பெரும்பங்கு ஒரு பூச்சியிலிருந்து வந்தது. சப்பாத்திக்கள்ளியில் வளரும் கோச்சினீல் பூச்சியை உலர்த்தி எடுக்கும் செஞ்சாயம், காலனிய மெக்சிகோவின் ஏற்றுமதியில் வெள்ளிக்கு அடுத்த இடம் பெற்றிருந்தது. அதை வளர்த்துச் சேகரித்தவர்கள் பழங்குடி உழவர்களே. ஸ்பெயினின் இந்த ஏகபோகத்தை உடைக்க விரும்பிய ஆங்கிலேயர், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையிலும் முயன்றனர். மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டைப் பகுதியில் கள்ளித் தோட்டம் அமைத்தார். ஆனால் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது தரம் குறைந்த வேறு இனப் பூச்சி, முயற்சி பலிக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் செயற்கைச் சாயங்கள் வந்ததும் வஹாக்காவின் சாய வணிகமும் சரிந்தது.

மக்களும் வாழ்வும்

மெக்சிகோவின் குடியரசுத் தலைவராக உயர்ந்த சபோடெக் இனத்தவர் பெனிட்டோ ஹுவாரெஸ், பள்ளத்தாக்குக்கு வடக்கே உள்ள கெலத்தாவ் மலையூரில் 1806இல் பிறந்தவர். நகரின் இன்றைய முழுப்பெயரான வஹாக்கா தே ஹுவாரெஸ் அவர் நினைவாக அமைந்தது. தேயோத்தித்லானில் கம்பளி விரிப்பு நெசவும், சான் பார்தோலோ கொயோதெபெக்கில் கரும்பானைத் தொழிலும் தொடர்கின்றன. திருமணம் போன்ற நிகழ்வுகளில் பொருளாகவும் உழைப்பாகவும் கொடுத்து, தம் முறை வரும்போது திரும்பப் பெறும் கெலகெட்சா வழக்கம் நம் மொய்ப் பழக்கத்துக்கு நெருங்கியது. அதே பெயரில் ஜூலைப் பிற்பகுதியில், இரண்டு திங்கட்கிழமைகளில் பெருவிழா நடக்கிறது.

பயணக் குறிப்புகள்

மெக்சிகோ நகரிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரத்தில் வரலாம். நவம்பர் முதல் மார்ச் வரை ஏற்ற காலம். நவம்பர் 1, 2 இறந்தோர் நாள்களில் அறைகளை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். மோந்தே அல்பானில் நிழல் குறைவு என்பதால் காலையிலேயே செல்வது நல்லது. அதன்பின் அருங்காட்சியகத்தைப் பார்த்தால் கல்லறைச் செல்வங்களின் இடமும் பொருளும் விளங்கும். மித்லா செல்லும் சாலையிலேயே, அடிமரம் ஏறத்தாழ 40 மீட்டர் சுற்றளவுள்ள தூலே மரமும், ஞாயிறுதோறும் பெருஞ்சந்தை கூடும் த்லாகோலுலாவும் உள்ளன. சந்தையில் ஒருவரைப் படம் எடுக்குமுன் அவரது இசைவைக் கேட்க வேண்டும். விரிப்புகளையும் பானைகளையும் செய்பவர் வீட்டிலேயே வாங்கினால், தொழிலை நேரில் காணலாம்; பணமும் முழுதாக அவர்களையே சேரும்.